ஐம்பத்தொரு பாகை

கிட்ட வாங்க கண்ணுங்களா, காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். ரத்தம் சிந்தாத ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆனாலும் அதில் ஒருத்தியின் வேலை போக இருந்தது.

கல்லூரி ஆய்வக உதவியாளர் அவள். கருவி பழுதுபார்க்கும் பெரியவரின் கடைக்குள், குடையை மடக்கவும் மறந்து நுழைந்தாள். பழுது எங்கே என்பதை மட்டுமல்ல, பொய் எங்கே என்பதையும் கண்டுபிடிப்பவர் என்று அவருக்குப் பெயர்.

"அண்ணே, நாளைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. முறுக்குத் தராசை நான் கெடுத்துட்டேனாம்!"

பெரியவரின் மைத்துனன் துள்ளி எழுந்தான். "யாரோ வேணும்னே கம்பியை வளைச்சிருக்கான் மாமா!"

"நீ என் நாற்காலியை வளைக்காம உக்காரு."

அவள் இரண்டு தாள்களை விரித்தாள். ஒன்று அவளுடையது, மற்றது இளம் விரிவுரையாளருடையது. நேற்று கொட்டும் மழையில், ஒருவர் பின் ஒருவராக, ஒரே தராசில் எடுத்த அளவுகள். மின்னூட்டம் பெற்ற இரு குண்டுகள் ஒன்றையொன்று தள்ளும். தள்ளும் விசையைக் கம்பியின் முறுக்கு பாகையில் காட்டும். ஐந்து சென்டிமீட்டரில் இருவருக்கும் எண்பது. பத்தில் அவளுக்குப் பதினாறு, அவருக்கு இருபது. மீண்டும் ஐந்துக்கு வந்தபோது அவளுக்கு ஐம்பத்தொன்று, அவருக்கு அதே எண்பது.

"கூலூம் விதிப்படி தூரம் ரெண்டு மடங்கானா விசை கால்வாசி. அதனால அவர் சரி, நான் தப்புன்னு துறைத்தலைவர் முடிச்சிட்டார். என் பேச்சையே கேக்கல அண்ணே!"

மறுநாள் காலை மூவரும் ஆய்வகத்துக்குப் போனார்கள். ஊறி உப்பிய ஜன்னல் சாத்த மறுத்தது. துறைத்தலைவர் அடுப்பைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சிகளை உரசினார், ஒன்றும் பற்றவில்லை. பெட்டியை வீசி எறிந்தார்.

பெரியவர் விரிவுரையாளரிடம் திரும்பினார். "தம்பி, திரும்ப அஞ்சுக்கு வந்தப்போ குண்டுகளுக்கு மறுபடி மின்னூட்டம் குடுத்தீங்களா?"

"எதுக்கு? முதல்ல குடுத்ததே போதுமே."

"அப்படின்னா நீங்க தராசைத் தொடவே இல்ல."

பெரியவர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார்.

"விதி தூரத்தை மட்டும் பாக்காது, மின்னூட்டத்தையும் பாக்கும். ஜன்னலையும் தீக்குச்சியையும் கெடுத்த இந்த ஈரத்துல, குண்டைத் தாங்குற தண்டு வழியா மின்னூட்டம் கசிஞ்சிடும். ஓட்டைக் குடத்துல தண்ணி நிக்குமா? இருபது வரவேண்டிய இடத்துல இந்தப் பொண்ணுக்கு வந்தது அஞ்சுல நாலு பங்கு. அடுத்ததுல எண்பதுக்கு அஞ்சுல நாலு பங்கு, அதுலயும் அஞ்சுல நாலு பங்கு, ஐம்பத்தொண்ணு. கெட்ட தராசு இவ்வளவு ஒழுங்கா குறைச்சுக் காட்டாது. உங்க எண்பது அவ தாளைப் பாத்து எழுதினது. மத்தது சூத்திரம் எழுதினது."

விரிவுரையாளர் தலை கவிழ்ந்தார். "இந்த மழையில ஒவ்வொரு அளவுக்கும் தராசு முன்னாடி எவ்வளவு நேரம் சார் காத்து நிக்கிறது..."

தலைவர் எரிச்சலோடு நீக்க உத்தரவைக் கிழித்தார். கோபம் அவள் மேலேயே பாய்ந்தது. "ஈரம்னு நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் சார் வந்தேன். கதவைச் சாத்திட்டுப் போன்னீங்க."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் துணியை எடுத்துக் குண்டுகளைத் துடைக்கத் தொடங்கினாள்.

உங்கள் வீட்டில் உண்மை பேசுகிறவளின் பேச்சு முதல் தடவையே காதில் ஏறட்டும். எல்லோரும் நன்றாக இருங்கள் கண்ணுங்களா.