பெயர் கீறிய செங்கல்

காலை 8.10. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரம். பழைய தொழிற்சாலைச் சுவரில் பெயர் கீறிய செங்கல்லைக் காணவில்லை.

நாசிக் காலத்தில் போலந்திலிருந்து பிடித்துவரப்பட்டவர்களை அடிமைகளாய் வதைத்துக் கட்டுவித்த சுவர் அது. அவர்களில் ஒரு மேசன் ஒரேயொரு கல்லில் தன் பெயரைக் கீறியிருந்தான். எண்பது வருடம் குண்டுக்கும் மழைக்கும் தப்பிய கல்லை எந்த வெட்கங்கெட்டவன் எடுத்தான்?

பதினொரு மணிக்கு மரபுச்சின்ன அதிகாரி வருவார். கல்லைக் கண்ணால் கண்டால் சுவர் தப்பும். இல்லாவிட்டால் மத்தியானமே இடிப்பு. மேசனின் பேத்தி கிறிஸ்ரினா இதற்காகவே வார்சாவிலிருந்து வந்து நின்றாள்.

பொலிஸ் கொமிஸார் கஜந்தி சுவரைப் பார்த்தாள். அந்த இடத்தில் எழுத்தில்லாத ஒரு கல். சுற்றிலும் புதுச் சுண்ணாம்புச் சாந்து. விரலால் தொட்டாள், மாவாய் உதிர்ந்தது. கல்லை அளந்தாள். இருபத்தைந்து சென்ரிமீற்றர். தொழிற்சாலை வளவில் அடுக்கியிருந்த புதுக் கற்கள் இருபத்திநாலு சென்ரிமீற்றர். சுவரைத் தவிர வேறு கல் அங்கே இல்லை.

வளவு வாசல் சாவி இருவரிடம்தான். சுவரைப் பழுதுபார்க்கும் மேசன் கணேசலிங்கம். இடிப்புக்குப் பொறுப்பான றெஜினோல்ட். இருவரும் தமிழர்.

"நேற்று எப்ப போனீங்கள் அண்ணை?"

"ஆறு மணிக்கு. கல் இருந்தது," என்றார் கணேசலிங்கம்.

"நான் காலமை ஆறுக்கு வந்தன். அப்பவே இல்லை," றெஜினோல்ட் ஜாக்கெட் பைக்குள் கைகளை விட்டபடி சொன்னான். "சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆள் இவர் ஒராள்தானே, தங்கச்சி!"

"வாயைப் பொத்தடா!" கணேசலிங்கம் சீறினார்.

"சண்டை வேண்டாம். அண்ணை, கல் வைக்க முதல் என்ன செய்வீங்கள்?"

"தண்ணியிலை ஊறப் போடுவன். இல்லாட்டிக் கல் ஈரத்தை உறிஞ்சிப்போடும். சாந்து பிடிக்காது."

9.40. கஜந்தி வாசல் கமராவைப் பார்த்து முடித்தாள். நேற்று மாலையிலிருந்து ஒருவரும் கல் கொண்டுவரவுமில்லை, கொண்டுபோகவுமில்லை.

"றெஜினோல்ட் அண்ணை, கையைக் காட்டுங்கோ."

விரல் நுனிகள் வெந்து வெடித்திருந்தன.

"கையுறை இல்லாமல் சுண்ணாம்பு குழைச்சிருக்கிறியள். பழியை அவரிலை போட அந்தச் சாந்து. ஆனால் கல்லை நனைக்க வேணும் எண்டு உங்களுக்குத் தெரியேல்லை, அதுதான் சாந்து உதிருது. முப்பது வருச மேசனுக்கு அந்தப் பிழை வராது."

"அப்ப கல் எங்கை?" கணேசலிங்கம் கத்தினார்.

"உங்களுக்கு முன்னாலை. இது பழைய அளவுக் கல், வளவிலை கிடக்கிறது எல்லாம் புது அளவு. வெளியிலையிருந்து ஒண்டும் வரவுமில்லை, போகவுமில்லை. எழுத்தை உள்ளுக்கை திருப்பி வைச்சிருக்கிறார். மத்தியானம் சுவரோடை சேர்த்து நொறுக்கியிருப்பார்."

கணேசலிங்கம் கல்லை இழுத்தார். கையோடு வந்தது. மறுபக்கம் பெயர்: யான் வோச்னியாக். கீழே போலிஷ் மொழியில், மேசன்.

"கம்பனி மேலிடத்துக்கு வெறும் வளவு வேணும். ஒரு கல்லுக்கு ஏன் இந்தச் சன்னதம்?" றெஜினோல்ட் முணுமுணுத்தான்.

கஜந்தி அதைக் கிறிஸ்ரினாவுக்கு ஜெர்மனில் சொன்னாள். அவளும் ஜெர்மனிலேயே பதில் சொன்னாள்.

"தாத்தா இங்கேயே செத்தார். கல்லறை இல்லை. முகாம் பதிவில் வெறும் இலக்கம். அவர் பெயர் இருப்பது இதில் மட்டும்."

கணேசலிங்கம் கல்லை றெஜினோல்டின் முகத்துக்கு நேரே பிடித்தார். "இந்தப் பிள்ளைக்கு முன்னாலை அந்தப் பேரை வாசியடா."

றெஜினோல்ட் வாசித்தான். ஒருவருக்கும் கேட்கவில்லை.

"பலமா வாசியடா!" என்றார் கணேசலிங்கம்.