தானாய்ச் சுழன்ற பெடல்கள்

என் வீட்டுக்காரர் அந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறுப்புச் சட்டம், தோல் கிழிந்த சீட்டு. பழைய இரும்புக் கடைக் குவியலில் கிடந்ததாம். யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

"இதுல இன்ஜினை மாட்டிட்டேன்னு வை, உன் முட்டிவலி போன இடம் தெரியாது" என்றார்.

எனக்கு ரத்தம் எடுக்கும் வேலை. காலையில் கீழ்த்தெரு வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து, குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, மேட்டின் உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்க வேண்டும். தாமதமானால் ரத்தம் கெட்டுவிடும். மறுநாள் அதே வயசாளிகளின் கையைப் பிடித்து மறுபடி நரம்பைத் தேட வேண்டும். இரண்டு கிலோமீட்டர் மேடு. என் வலது முட்டி பாதியிலேயே கையை விரித்துவிடும்.

அவர் லேத் பட்டறையில் கடைசல் வேலை செய்கிறவர். ஒரே வாரத்தில் சின்ன இன்ஜினைச் சட்டத்துக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டார். இடப்பக்கம் இன்ஜினுக்கு ஒரு செயின், வலப்பக்கம் பெடலுக்குப் பழைய செயின். கிளப்புவதற்கு மட்டும் நாலு மிதி மிதிக்க வேண்டும். அப்புறம் பெடல்கள் சும்மா நிற்கும். கால் வைத்துக்கொள்ளும் இடம், அவ்வளவுதான்.

முதல் நாள் மேடு ஏறப் பதினோரு நிமிடம் ஆனது. அவருக்கு முகமே செத்துவிட்டது.

அன்றிலிருந்து பித்துப் பிடித்த மாதிரி ஆனார். சிலிண்டரின் ஓட்டைகளை அரத்தால் ராவிப் பெரிதாக்கினார். சைலன்சரை அறுத்து வேறு ஒட்டினார். பின்சக்கரத்துக்குப் பல் அதிகமான சக்கரம் போட்டார். சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தார்: பதினொன்று. ஒன்பதரை. எட்டு.

ஒரு பனிக்காலக் காலையில் ஆறு நிமிடத்தில் ஏறினேன்.

"எல்லாம் அந்த சைலன்சர் பண்ற வேலை!" பட்டறை முழுக்கத் தம்பட்டம் அடித்தார்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. அன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, வழக்கம்போல் பெட்ரோல் குழாயை மூடக் கை வைத்தேன். அது ஏற்கெனவே மூடியிருந்தது. வீட்டிலிருந்தே திறக்காமல் வந்திருக்கிறேன். குழாயில் மிச்சமிருந்த கொஞ்சூண்டு பெட்ரோலில் எப்படி இவ்வளவு தூரம்?

மூன்றாம் நாள் தெரிந்தது.

பாதி மேட்டில் இன்ஜின் இருமியது. இரண்டு முறை விக்கியது. நின்றுவிட்டது.

சைக்கிள் நிற்கவில்லை.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். பெடல்கள் சுழன்றுகொண்டிருந்தன. என் கால்கள் அவற்றின்மேல் சும்மா கிடந்தன. யாரோ அடியிலிருந்து தூக்கித் தூக்கி இறக்குவது போல என் முட்டிகள் ஏறி இறங்கின. வலியே இல்லை. அதுதான் முதலில் பயமாக இருந்தது.

இன்ஜின் சத்தம் இல்லாத அந்த ரோட்டில் செயின் ஓடும் கரகரப்பு மட்டும். பிறகு இன்னொன்றும் கேட்டது.

மூச்சு.

மேடு ஏறுகிறவனின் மூச்சு. பின்னாலிருந்து வரவில்லை. என் கழுத்துக்குள்ளிருந்து வருவது போல அவ்வளவு கிட்டத்தில். பழைய வியர்வையின் புளித்த நாற்றம் என் சட்டைக்குள்ளிருந்து எழுந்தது. நான் உட்கார்ந்திருந்த அதே சீட்டில், நான் இருந்த அதே இடத்தில், வேறு யாரோ உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசல் வந்தது. இரண்டு பிரேக்கையும் இறுக்கினேன். சக்கரம் கிறீச்சிட்டது. பெடல்கள் மட்டும் விடாமல் முன்னே உந்தின. வாசலைத் தாண்டினால் அந்த ரோடு கைவிட்ட கல்குவாரியில் போய் முடியும். வேறெதுவும் கிடையாது.

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு குதித்தேன். முழங்கை சிராய்த்தது. சைக்கிள் கொஞ்ச தூரம் தனியாகப் போய், ஓரத்துப் புதரில் சாய்ந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"ரெண்டு மாசமா தூக்கமில்லாம ராவித் தள்ளியிருக்கேன். வேகம் வந்ததும் பேய் மிதிக்குதுன்னு சொல்ற. என் கைவேலை மேல உனக்கு அவ்வளவுதான் நம்பிக்கை."

"உங்க வேலையைக் குறை சொல்லலங்க. அது மேல உட்கார்ந்தது நானு."

"சரி, நாளைக்கு நான் உட்கார்றேன். அஞ்சு நிமிஷத்துல ஏத்திக் காட்டுறேன். அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது."

"வேண்டாங்க. சொன்னா கேளுங்க."

"நீ மேல போய் நின்னு டைம் பாரு. அது போதும்."

கெஞ்சினேன். சண்டை போட்டேன். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றிரவே போய்ப் புதரிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். பனி இன்னும் கலையவில்லை. போன் அடித்தது.

"கிளம்பிட்டேன்" என்றார். குரலில் குஷி.

கீழே வெகுதூரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டது. வளைவுக்கு வளைவு கூடிக்கொண்டே வந்தது. நன்றாகத்தான் ஓடியது. எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

திடீரென்று சத்தம் நின்றது.

அப்பாடா என்றிருந்தது. நின்றுவிட்டது, இனி தள்ளிக்கொண்டு வருவார், திட்டிக்கொண்டே வருவார் என்று நினைத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் கிளம்பி இரண்டரை நிமிடம்.

மூன்று.

மூன்றே முக்கால்.

பனிக்குள்ளிருந்து சைக்கிள் வந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. மேட்டில் அவ்வளவு வேகத்தில் எந்த சைக்கிளும் ஏறி நான் பார்த்ததில்லை. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்திருந்தார். பின்டயரிலிருந்து ரப்பர் கருகும் புகை வந்தது. கால்கள் மட்டும் பித்துப் பிடித்த மாதிரி சுழன்றன.

"குதிங்க!" என்று கத்தினேன். "குதிச்சிடுங்க!"

"காலு வரல!"

என்னைத் தாண்டும்போது கேரியரைப் பாய்ந்து பிடித்தேன். பத்தடி என்னை இழுத்துக்கொண்டு போனது. அவர் திரும்பிப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார்.

"விட்டுடு" என்றார், ரொம்ப மெதுவாக. "நீயும் வந்துடுவ. விட்டுடு."

நான் விடவில்லை. என் விரல்கள்தான் விட்டுவிட்டன.

குவாரி விளிம்பில் கம்பி வேலி அறுந்து தொங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தபோது முப்பதடி கீழே ஒரு பாறைத் திட்டில் அவர் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது. அதற்கும் கீழே தேங்கிக் கிடந்த பச்சைத் தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. சைக்கிளை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. எடுக்க நான் விடவும் இல்லை.

முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. டாக்டர் ஒவ்வொரு நாளும் பாதத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "இல்ல டாக்டர்" என்பார். இனி நடக்க வாய்ப்பில்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். உயிரோடு இருக்கிறாரே, அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள், பிற்பகல் மூன்று மணி. வார்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவரும்தான். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

போர்வை அசைந்தது.

அவருடைய வலது முட்டி மெல்ல எழுந்தது. இறங்கியது. இடது முட்டி எழுந்தது. இறங்கியது.

ஒரு கணம் சந்தோஷத்தில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கால் வந்துவிட்டது! டாக்டரைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

அப்போது அவர் கண்ணைத் திறந்தார். தன் முட்டிகளைப் பார்த்தார்.

"நான் மிதிக்கல" என்றார்.

இரண்டு முட்டிகளையும் கையால் அழுத்திப் பிடித்தேன். என் கைகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அவை எழுந்தன. வலது. இடது. வலது. இடது. வேகம் கூடியது.

கட்டிலின் சக்கரங்கள் பூட்டியிருந்தன. காலையில் நர்ஸ் பூட்டியதை நானே பார்த்தேன்.

கட்டில் ஒரு சாண் நகர்ந்தது, வாசல் பக்கமாக.