கொரின் தொலிவர் பாடிய பாட்டு

றெஜினோல்ட் குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். வைத்த தேநீரை அவர் தொடவில்லை.

"அக்கா, என்னைக் கள்ளன் எண்டு ஒருத்தரும் வாய் திறந்து சொல்லேல்லை," என்றார். "ஆனா ஒருத்தரும் முகம் பாத்துக் கதைக்கினமில்லை."

அனஸ்ரேசியா பின்னிக்கொண்டிருந்த கம்பளி நூலை ஓரமாக வைத்தார். இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர். எரிந்ததாகச் சொல்லப்படும் வீடு தானாக எரிந்ததா, தொலைந்ததாகச் சொல்லப்படும் நகை உண்மையில் தொலைந்ததா என்று போய்ப் பார்த்து வருவதுதான் அந்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் வேலை அவரை விடவில்லை. பொலிசுக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள் ஒஸ்லோ நகரின் புருசெத் பகுதியில் அவருடைய வீட்டு மணியை அடித்தார்கள்.

மிதுனா சன்னலோரம் இருந்தாள். அதே கட்டிடத்தில் நாலாம் மாடியில் இருக்கும் குடும்பத்தின் மகள், சட்டம் படிக்கிறவள். அன்ரி எங்கே விசாரிக்கப் போனாலும் கூடப் போவதற்கு அவளுக்கு ஒரு சாட்டுக் கிடைத்துவிடும். நல்ல குரல் என்பதால் ஒஸ்லோவில் நடக்கும் நடன அரங்கேற்றங்களில் பாடுவதும் அவள்தான்.

"முதலிலை இருந்து சொல்லு, தம்பி," என்றார் அனஸ்ரேசியா.

நகரின் தொய்யன் பகுதியில் ஒரு பழைய கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் சிறிய திரைப்படக் கழகம் ஒன்று இருந்தது. அங்கே படம் ஓட்டுகிறவர் றெஜினோல்ட். கழகத்தை நடத்துகிற ஹெல்கே, பேர்கன் நகரில் மாலுமிகள் தங்கும் பழைய விடுதி ஒன்றை இடித்தபோது அதன் நிலவறையிலிருந்து ஒரு படத்தைக் கண்டெடுத்திருந்தார். 'நிலாவுக்கு ஒரு தாளம்' என்பது அதன் பெயர். அமெரிக்காவில் 1939இல் எடுத்தது.

"கறுப்பு ஆக்கள் தாங்களே எடுத்த படம், அக்கா. வெள்ளை ஆக்களின்ரை படங்களிலை அவையளுக்கு வேலைக்காரி வேசமும் சாரதி வேசமும்தானே. அதாலை தங்கடை தியேட்டருகளிலை தங்கடை சனம் பாக்கவெண்டு, பாட்டும் ஆட்டமுமாத் தாங்களே எடுத்திருக்கினம். அநேகமா எல்லாம் அழிஞ்சு போச்சுது. இந்தப் படத்துக்கு உலகத்திலை வேறை பிரதி இல்லையாம்."

படத்தின் கதாநாயகி கொரின் தொலிவர் உயிரோடிருந்தார். அதுவும் ஒஸ்லோவிலேயே, கழகத்துக்கு எதிர்த்தெருவிலேயே இருந்தார். ஐம்பதுகளில் நடனக் குழுவோடு வந்தவர், கப்பல் பொறியியலாளர் ஒருவரை மணந்து தங்கிவிட்டார். இப்போது எண்பத்தைந்து வயது. சனிக்கிழமை அவருக்கு மரியாதை செய்து படத்தைத் திரையிடுவதாக இருந்தது.

"நாலு டப்பா. அதிலை அவ பாடுற சுருள் மட்டும் இல்லை. செவ்வாய்க்கிழமை நான் பாத்தனான், இருந்தது. புதன்கிழமை பின்னேரம் அலுமாரியைத் திறந்தா இல்லை. திறப்பு என்னட்டை ஒண்டு, ஹெல்கேயிட்டை ஒண்டு. அவர் செவ்வாயும் புதனும் பேர்கனிலை. சனிக்கிழமை வரைக்கும் பாத்திட்டுப் பொலிசுக்குச் சொல்லுறன் எண்டிட்டார்."

"செவ்வாய்க்கிழமை ஆர் ஆர் வந்தவை?"

"கோப்பன்ஹேகனிலை இருந்து யென்ஸ் எண்டு ஒருத்தர், பழைய படம் சேர்க்கிறவர். படத்தை வாங்க ஆசைப்பட்டவர். பிறகு கொரின் அம்மா கேக் கொண்டு வந்தவ. அலுமாரி திறந்துதான் கிடந்தது. ரெண்டு பேருக்கும் ஒவ்வொருக்கா கோப்பி ஊத்தப் போனனான். அவ்வளவுதான்."

அவர் ஒரு வீடியோ கசெற்றையும் கொண்டு வந்திருந்தார். தொலைக்காட்சிச் செய்திக்காக அந்தப் பாட்டில் ஒரு சிறு துண்டைப் பிரதி எடுத்திருந்தார்கள். மிதுனா அதைப் போட்டாள்.

அட்டை நிலா ஒன்றின் கீழே இளம் கொரின் ஆடிக்கொண்டே பாடினார். மெலிந்த உடல், வெளிறிய மாநிறம், கண்களை எடுக்க முடியாத அழகு. குரலோ அந்த உடலிலிருந்து வருகிறதென்று நம்ப முடியாத அளவுக்கு ஆழமாக இருந்தது. மிதுனாவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் ஏதோ ஒன்று அவளுக்கு இடித்தது. திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

"அன்ரி, அந்த நீளமான அடிக்கு முதல் அவ மூச்சு எடுக்கிறது கேக்குது. ஆனா நெஞ்சு அசையேல்லை. ஆடிக்கொண்டு அப்பிடிப் பாடேலாது. நான் இருந்து பாடவே எனக்கு மூச்சு வாங்கும்."

"ம்," என்றார் அனஸ்ரேசியா. "மிச்சத்தையும் போடு."

அடுத்து செய்தியாளர் முதிய கொரினிடம் கேட்பது வந்தது. அறுபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு, நீங்கள் பாடுவதை நீங்களே பார்த்தபோது எப்படி இருந்தது? கொரின் நோர்வேஜிய மொழியில் சொன்னார்: "அவள் நன்றாகப் பாடினாள். எனக்கு அப்போது இருபது வயதுதான்."

மிதுனா சிரித்தாள். "தன்னையே அவள் எண்டு சொல்லுறா. பாவம், வயசு."

அனஸ்ரேசியா சிரிக்கவில்லை. "நாளைக்குத் தொய்யனுக்குப் போவம்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை தெருவெல்லாம் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. வழுக்காமல் இருக்க மாரி முழுதும் நகரசபை தூவிய பொடிக்கல் சப்பாத்தின் அடியில் நறநறத்தது.

கழகத்தின் படம் ஓட்டும் அறை ஒரு பெரிய அலுமாரி அளவுதான். றெஜினோல்ட் செவ்வாய்க்குப் பிறகு அதைக் கூட்டவில்லை. அனஸ்ரேசியா குனிந்து தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து அலுமாரி வரை, மெல்லிய இரு கோடுகளாகச் சேறு காய்ந்து கிடந்தது. அதில் பொடிக்கற்களும் ஒட்டியிருந்தன.

"அது என்ரை தள்ளுவண்டியாலை வந்திருக்கும், அக்கா. டப்பாக்களை அதிலைதான் வைச்சுத் தள்ளுறனான்."

"உன்ரை வண்டி வெளியிலை போறதோ?"

"இல்லை, இஞ்சை உள்ளுக்குத்தான்." சொல்லிவிட்டு றெஜினோல்ட் தரையைத் திரும்பப் பார்த்தார்.

மிஞ்சிய டப்பாக்களில் ஒன்று, மூன்று, நான்கு என்று எழுதியிருந்தது. இரண்டு இல்லை. ஆனால் சனிக்கிழமைக்கென்று அச்சடித்திருந்த நிகழ்ச்சித் தாளில் பாட்டு மூன்றாம் சுருளில் வருவதாகப் போட்டிருந்தது.

"ஓம் அக்கா, பேர்கனிலையே ஆரோ ரெண்டின்ரையும் மூண்டின்ரையும் மூடியை மாத்திப் போட்டிட்டினம். போன மாதம் முதல்தரம் ஓட்டிப் பாக்கேக்கைதான் தெரிஞ்சது. திருத்துவம் எண்டு இருந்தனான்."

"அண்டைக்கு ஆர் இருந்தது?"

"நான், ஹெல்கே, கொரின் அம்மா."

அதற்கு மேல் அனஸ்ரேசியா ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியைச் சரி செய்துகொண்டு வெளியே வந்து, தெருவின் மறுபக்கத்தைப் பார்த்தபடி நின்றார்.

"எல்லாரையும் கூப்பிட்டு வைச்சுச் சொல்லப் போறீங்களோ, அன்ரி?" மிதுனாவின் குரலில் ஆவல் இருந்தது.

"இல்லைப் பிள்ளை. இது எல்லாருக்கும் முன்னாலை சொல்லுற விசயம் இல்லை."

கொரின் கதவைத் திறந்தபோது, வாசல் நடையில் அவருடைய சக்கர நடைவண்டி நிற்பதை மிதுனா கண்டாள். முதியவர்கள் பிடித்துக்கொண்டு நடக்கிற, கூடை வைத்த வண்டி. அதன் சக்கரங்களில் பொடிக்கல் சிக்கியிருந்தது. தெருவைக் கடக்கும்போது இருந்த ஆவல் போன இடம் தெரியவில்லை.

கொரின் நெடிய உருவம். முதுகு இன்னும் நிமிர்ந்திருந்தது. அவர்களை உட்கார வைத்து, வந்த காரணத்தைக் கேட்டார். அனஸ்ரேசியா தன் நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னார்.

"ஒரு சுருளைக் காணவில்லை. படம் சேர்க்கிறவர் எடுத்திருந்தால் நாலையும் எடுத்திருப்பார். பாட்டு மட்டும் வேண்டுமென்றால், தாளைப் பார்த்து மூன்றாம் மூடி போட்ட டப்பாவை எடுத்திருப்பார். மூடி மாறியது மூன்று பேருக்குத் தெரியும். ஒருவர் பேர்கனில் இருந்தார். ஒருவர் என்னிடம் உதவி கேட்டு வந்தார்."

கொரின் மடியில் கைகளைக் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"யார் என்பது எனக்கு அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. ஏன் என்பதுதான் தெரியவில்லை. தன் பாட்டைத் தானே யார் மறைப்பார்? பிறகு இந்தப் பிள்ளை சொன்னாள், பாடுகிறவளின் நெஞ்சு அசையவில்லை என்று. தொலைக்காட்சியில் நீங்கள், 'அவள் பாடினாள், எனக்கு இருபது வயது' என்றீர்கள். ஒரே மூச்சில் அவளும் நானும். எங்கள் ஊர்ப் படங்களில் ஒருத்தி நடிப்பாள், இன்னொருத்தி பின்னால் நின்று பாடுவாள். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் விளங்கியது. அவளுடைய பெயர் என்ன?"

வெளியே ஒரு ட்ராம் போகும் ஓசை கேட்டு அடங்கியது.

"எஸ்ஸி," என்றார் கொரின். "எஸ்ஸி புருவிற். இந்த வீட்டில் அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொன்னதில்லை."

அவர் எழுந்து படுக்கையறைக்குப் போனார். திரும்பி வந்தபோது தகர டப்பா கையில் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"இரண்டு பேரும் ஒரே நடனக் குழுவில் இருந்தோம், ஒரே கட்டிலில் படுத்தோம். பாட்டுக்காக அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பார்த்துவிட்டு, திரைக்கு இவள் மிகவும் கறுப்பு என்றார்கள். சொன்னவர்கள் வெள்ளையர்கள் இல்லை. எங்கள் ஆட்கள். எங்களை நாங்களே காட்டப்போகிறோம் என்று படம் எடுக்க வந்தவர்கள். அவள் குரலை வைத்துக்கொண்டு, முகத்துக்கு என்னை எடுத்தார்கள். அவளுடைய பெயரையும் போடுவதாகச் சொன்னார்கள். போடவில்லை. முதல் காட்சிக்கு அவள் என்னுடன் வந்தாள். பெயர் வரும் வரும் என்று கடைசி வரைக்கும் இருந்து பார்த்தாள்."

"பிறகு?" என்று கேட்டாள் மிதுனா. கேட்கக் கூடாதோ என்றும் இருந்தது.

"நாலு வருடத்தில் காசநோய் வந்து செத்துப்போனாள். இசைத்தட்டு ஒன்றுகூடப் பதியவில்லை. எனக்கு அந்தப் பாட்டால் மேடை கிடைத்தது, ஐரோப்பா கிடைத்தது, இந்த வீடும் கிடைத்தது. பாடச் சொல்கிறவர்களிடம் தொண்டையில் அறுவை செய்ததாகச் சொன்னேன். என் கணவருக்கும் அதையேதான் சொன்னேன். அவர் அதை நம்பியே போய்ச் சேர்ந்தார். இப்போது இந்த வயதில் என்னை மேடையில் ஏற்றி, அவள் குரலுக்கு எனக்குப் பூங்கொத்துத் தரப் போகிறார்கள்."

"அழிச்சிருக்கலாமே?" என்று தமிழில் முணுமுணுத்தாள் மிதுனா. அனஸ்ரேசியா அதை மொழிபெயர்த்தார்.

"அதற்குத்தான் எடுத்தேன்," என்றார் கொரின். "தீப்பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். ஆனால் அவள் குரல் உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. தொலைக்காட்சியில் போன சிறு துண்டைத் தவிர, இதற்குள் மட்டும்தான் இருக்கிறது. எரிக்கவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. என்னிடம் படம் ஓட்டும் இயந்திரம் இல்லையே." மூடியை உள்ளங்கையால் தடவினார். "மூன்று இரவு பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தேன்."

மிதுனாவுக்குப் போன மாதம் பாடிய அரங்கேற்றம் ஞாபகம் வந்தது. மேடையின் ஓரத்தில் இருந்து பல மணி நேரம் பாடியிருந்தாள். நன்றி சொன்னவர்கள் அவள் பெயரை மறந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒருத்தருக்கும் தெரியாமல் அழுதிருந்தாள். அந்தச் சின்ன நோவை இந்தப் பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"றெஜினோல்ட் பிள்ளைகுட்டிக்காரர்," என்றார் அனஸ்ரேசியா. "நாளைக்குப் பொலிசு வந்தால் முதலில் அவரைத்தான் கேட்பார்கள்."

கொரின் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் அப்போதுதான் அச்சம் தெரிந்தது. "அவரையா? அவர் எனக்குக் கோப்பி ஊற்றப் போன மனிதர்." தொலைபேசியை எட்டி எடுத்தார். "ஹெல்கேயிடம் நானே சொல்கிறேன். எல்லாவற்றையும் சொல்கிறேன்."

சனிக்கிழமை பின்னேரம் சிறிய மண்டபம் நிரம்பிக்கொண்டிருந்தது. ஹெல்கே முதல் வேலையாகப் படம் ஓட்டும் அறைக்குப் போய், றெஜினோல்டின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார். றெஜினோல்ட் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சுருளை இயந்திரத்தில் பூட்டத் திரும்பினார்.

படம் தொடங்க முன்னர் ஹெல்கே மேடையில் நின்று, பாட்டுக்குக் குரல் கொடுத்தவர் எஸ்ஸி புருவிற் என்றும், அந்தப் பெயர் படத்தில் இல்லை என்றும் சொன்னார். அவர் சொல்லும்போதே பலர் வந்துகொண்டிருந்தார்கள். சப்பாத்துப் பனியை உதறினார்கள், இடம் தேடினார்கள்.

பாட்டு வந்தபோது மிதுனா திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த கொரினைத்தான் பார்த்தாள். அவர் கண்களை மூடியிருந்தார். அறுபத்தைந்து வருடத்துக்கு முந்திய தன் முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நீளமான அடிக்கு முன்னால் அந்த மூச்சு கேட்டபோது, தானும் சேர்ந்து மூச்சை இழுத்தார்.

படம் முடிந்து முன்கூடத்துக்கு வந்ததும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பெரியவர் கையைக் குலுக்கி, என்ன குரல் உங்களுக்கு என்றார்.

"அது எஸ்ஸியின் குரல்," என்றார் கொரின்.

அந்தப் பெரியவர் புன்னகைத்துக்கொண்டே நகர்ந்தார். அடுத்தவரும் அதையே சொன்னார். கொரினும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் பூங்கொத்தை நீட்டி, அப்படி ஒரு பாட்டைத் தான் கேட்டதேயில்லை என்றபோது, கொரின் வாயைத் திறந்தார். பிறகு களைத்துப்போய்த் தலையை ஆட்டினார். அடுத்தவருக்கும் தலையை ஆட்டினார்.

மிதுனா அன்ரியைத் திரும்பிப் பார்த்தாள். அனஸ்ரேசியா சுவரோரம் அசையாமல் நின்றார். கண்கள் கலங்கியிருந்தன. மிதுனா கொரினின் அருகே போய் நின்றுகொண்டாள்.

நீலச் சால்வை போட்ட ஒரு பெண் கொரினின் இரண்டு கைகளையும் பிடித்தாள். "இன்றைக்கும் பாடுவீர்களா?" என்று கேட்டாள்.

"பாடியவர் எஸ்ஸி புருவிற்," என்றாள் மிதுனா.

"யார்?"

மிதுனா பெயரை இன்னொரு தடவை, எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, தன் குளிர்ச்சட்டையை எடுக்கப் போனாள். பின்னால் இன்னொருவர் கையை நீட்டியபடி வந்துகொண்டிருந்தார்.