பஞ்சுவின் முதல் மடக்கு

"டாக்டர் வந்து ரத்தம் எடுக்கறவரைக்கும் கன்னுக்குட்டிக்கு ஒரு சொட்டுப் பால்கூடக் கொடுக்காதே!"

மகளிடம் சொல்லிவிட்டு அப்பா வைக்கோல் எடுக்கப் போனார். மகளுக்கு வயது பத்து. பட்டப்பெயர் வாலு. ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்பதில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும்.

மாட்டு டாக்டரம்மா வேறொரு பண்ணையில் மாட்டிக்கொண்டார். மூன்று மணி நேரம் தாமதம். புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டி பஞ்சு, வாலுவின் சட்டைப் பொத்தானைச் சப்பியது. பிறகு விரலைச் சப்பியது. பிறகு, "ம்மா!" என்று கத்தியது. வாலுவுக்கு மனசு கேட்கவில்லை. தாய்ப்பசுவிடம் கறந்து வைத்திருந்த சீம்பாலைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தாள். மடக் மடக்கென்று குடித்தது பஞ்சு. டாக்டரம்மா வந்து ரத்தம் எடுத்துப் போனபோதும் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து டாக்டரம்மா ஒரு தாளோடு வந்தார்.

"தாய் வயித்துலேயே கன்னுக்குத் தொத்தற ஒட்டுண்ணி இது. கண்ணுக்குத் தெரியாது. தாய்க்கு இருக்குன்னு முன்னாடியே தெரியும். இப்போ பஞ்சு ரத்தத்துலயும் அதுக்கான எதிர்ப்புச் சக்தி இருக்கு. ஒட்டுண்ணி தொத்தினாத்தான் உடம்பு அதை உண்டாக்கும். அப்போ பஞ்சுவுக்கும் தொத்தியிருக்கு. வளர்ந்தா இதோட கன்னுக்கும் போகும். மந்தையில வெச்சுக்காதீங்க."

அப்பாவின் முகம் வாடியது. "நாளைக்கே அனுப்பிடறேன் டாக்டர்."

வாலு பஞ்சுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் திட்டு விழும். சொல்லாவிட்டால் பஞ்சு போய்விடும்.

"அப்பா... பஞ்சு பால் குடிச்சுது."

"தினமும்தானே குடிக்குது?"

"இல்லப்பா. ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி."

அப்பாவின் கண்கள் கோலிக்குண்டாயின. டாக்டரம்மா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"எவ்வளவு குடிச்சுது?"

"கால் புட்டி... அரை... முழுசும்தான் டாக்டர்."

"அடிப்பாவி!" டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சீம்பால்ல தாயோட எதிர்ப்புச் சக்தி இருக்கும். குடிச்சா கன்னோட ரத்தத்துல கலந்துடும். நான் பார்த்தது பஞ்சுவோடதா, அம்மா கொடுத்ததான்னு எப்படிச் சொல்றது? அதுக்குத்தான் பால் கொடுக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!"

"அப்போ பஞ்சு போக வேண்டாமா?"

"இப்போதைக்கு வேண்டாம். பால்ல வந்தது ஆறேழு மாசத்துல போயிடும். அப்புறம் திரும்பப் பார்ப்போம்."

அப்பா அன்று திட்டத்தான் செய்தார். வாலு பஞ்சுவைத் தடவிக்கொண்டே முழுசும் கேட்டுக்கொண்டாள்.

வாலு விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருக்க, ஏழு மாதம் போனது. டாக்டரம்மா மறுபடி ரத்தம் எடுத்தார். அடுத்த வாரம் புதுத் தாளை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"சுத்தம்! பஞ்சுவுக்கு ஒண்ணுமே இல்ல!"

வாலு பஞ்சுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பா தாளை மூன்று முறை படித்தார்.

"நீ மட்டும் அன்னைக்குச் சொல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு மகளின் தலையைத் தடவினார்.

நான்காவது முறை படிக்கத் தாளைத் தேடினார். பாதித் தாள் பஞ்சுவின் வாயில் இருந்தது.