வெள்ளைக் காரில் கொஞ்சம் கரி

"ஐயய்யோ...!"

அடுக்குமாடியின் நிலத்தடிக் கார் நிறுத்தும் தளத்திலிருந்து கிளம்பிய அலறல், எல்லா மாடிகளையும் உலுக்கிவிட்டு மொட்டை மாடியில் போய்த்தான் அடங்கியது.

பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் வாயில் நுரையோடு ஓடி வந்தார்கள்.

மூலையில் ஒரு வெள்ளைக் கார். அதன் முன்னால் மண்டியிட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருந்தார் மூன்றாம் மாடி ஆடிட்டர். அவர் இல்லாத நேரத்தில் குடியிருப்பு முழுக்க அவருக்கு 'பாலிஷ்' என்றுதான் பெயர்.

"கீறிட்டானுங்க! பானெட் பூரா கீறிட்டானுங்க! எந்தப் பாவி செஞ்ச வேலை இது...!"

வாட்ச்மேன்தான் முதலில் கவனித்தார்.

"சார்... சார்... உங்க முட்டிக்குப் பக்கத்துல..."

முன்சக்கரத்தை ஒட்டி மல்லாந்து கிடந்தார் குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி. பின்மண்டைக்குக் கீழே, சக்கரம் உருளாமல் தடுக்கும் சிமென்ட் கட்டை. அதன் விளிம்பில் உறைந்த ரத்தம்.

திறந்திருந்த கண்கள் கூரையையே பார்த்தன.

சிமிட்டவே இல்லை!

ஜீப்பிலிருந்து இறங்கும்போதே இன்ஸ்பெக்டர் தும்மினாள். அவளுக்குத் தூசி ஆகாது. தூசியைவிட, விடிந்ததும் வாய்ச்சண்டைக்கு நிற்கிற ஆண்கள் ஆகாது. இங்கே இரண்டும் தயாராக இருந்தன.

"பிணத்தை நீங்கதான் முதல்ல பாத்தீங்களா?"

"நான் கீறலைப் பாத்தேன்" என்றார் ஆடிட்டர்.

"பக்கத்துல ஒரு மனுஷன் செத்துக் கிடக்கறான். உங்களுக்குக் கீறல்தான் தெரிஞ்சுதா?"

"அந்த ஆளை மனுஷன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

ஏட்டு அவசரமாக இருமினார்.

இன்ஸ்பெக்டர் வாட்ச்மேனைத் தனியே தள்ளிக்கொண்டு போனாள்.

"ரெண்டு பேருக்கும் என்ன தகராறு?"

"கரி, மேடம். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் இருக்கு. அதோட புகைக்குழாய் இவர் கார் பக்கம்தான் நீட்டிட்டு இருக்கு. கார்ல கரி விழுது விழுதுன்னு தினம் ரகளை. போன வாரம் எல்லார் முன்னாடியும், 'இனி ஒரு பொட்டுக் கரி விழட்டும், உன்னை உயிரோட விட மாட்டேன்'னு கத்தினார்."

ஆடிட்டருக்குக் காது கூர்மை.

"ஆமா, சொன்னேன்! குழாயைத் திருப்பி வைய்யான்னா, 'நீ காரைத் திருப்பி வை'ன்னு சொல்றான். பின்னே கொஞ்சவா முடியும்?"

மாடிப்படியில் காலடிச் சத்தம். கையில் டீத் தட்டோடு ஒரு பெண் தயங்கி நின்றாள். ஆடிட்டரின் மனைவி.

"போலீஸ்காரங்களுக்கு..."

"அறிவிருக்கா உனக்கு? கார் பக்கத்துல டீயைக் கொண்டு வர்றே! சிந்தினா யார் துடைக்கறது? அங்கயே நில்லு!"

அவள் அங்கேயே நின்றாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. திட்டு வாங்கி வாங்கிக் காது மரத்துப்போன முகம்.

இன்ஸ்பெக்டருக்கு ஆடிட்டரை அப்போதே விலங்கு மாட்டிக் கூட்டிப்போக ஆசையாக இருந்தது.

"நடந்ததை நானே சொல்றேன் சார். விடியறதுக்கு முன்னாடி இறங்கி வந்தீங்க. கார்ல கரி. செகரட்டரி எதிர்ல வந்தார். வாய் முத்திப்போச்சு. பிடிச்சுத் தள்ளினீங்க. கரிமேல கைத்தடம் பதிஞ்சு போச்சு... காஞ்ச துணியால அழுத்தித் துடைச்சீங்க. கீறல் விழுந்துச்சு!"

ஆடிட்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். புழுவைப் பார்க்கிற பார்வை.

"நான்... கரியை... காஞ்ச துணியால துடைச்சேன்?"

"ஏன், கூடாதா?"

"மேடம்! கரி தனியா ஒட்டாது. ரோட்டுப் புழுதியும் பொடி மணலும் சேர்ந்துதான் ஒட்டும். முதல்ல தண்ணியைப் பீய்ச்சி அதை ஊற விடணும். அப்புறம் நுரை போட்டு வழிய விடணும். அதுக்கப்புறம்தான் துணி... அதுவும் ஈரமா, அழுத்தாம! காஞ்ச துணியால தேய்க்கறதும் உப்புத்தாளால தேய்க்கறதும் ஒண்ணுதான். என்னைக் கொலைகாரன்னு சொல்லுங்க, பொறுத்துக்கறேன். காஞ்ச துணிக்காரன்னு சொன்னீங்க... நடக்கறதே வேற!"



இன்ஸ்பெக்டர் எத்தனையோ பொய்களைப் பார்த்தவள். இந்தக் கோபம் பொய் இல்லை என்று அவளுக்கு உறைத்தது. உறைத்ததில் எரிச்சல் இன்னும் கூடியது.

அப்போதுதான்... விளக்குகள் அணைந்தன.

தளம் முழுக்க இருட்டு. எங்கோ ஒரு குழந்தை வீரிட்டது.

"கரண்ட் போயிடுச்சு மேடம்" என்றார் ஏட்டு, யாருக்கும் தெரியாத சேதியைப் போல.

ஜெனரேட்டர் உறுமும் என்று இன்ஸ்பெக்டர் காத்திருந்தாள்.

உறுமவில்லை.

"வாட்ச்மேன்! ஜெனரேட்டரைப் போடறதுக்கென்ன?"

இன்ஸ்பெக்டர் டார்ச்சை அவர் முகத்துக்கு நேரே அடித்தாள். வேர்த்து வழிந்திருந்தது.

"அது... படுத்து ஒரு மாசமாச்சு மேடம்! தினம் விடியக்காலை ஓட்டிப் பாக்கறது வழக்கம். ஒரு நாள் ஒரேயடியா நின்னு போச்சு. கரண்ட் போகாததால யாருக்கும் தெரியல. வெளிய சொன்னா பதவியைப் பிடுங்கிடுவாங்கன்னு செகரட்டரி சார் என் வாயைக் கட்டிப் போட்டுட்டார்."

"புளுகறான்!" ஆடிட்டர் பாய்ந்தார். "நேத்து காலையிலகூட கரி இருந்துச்சு. நான்தானே கழுவினேன்!"

இன்ஸ்பெக்டர் டார்ச்சைப் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர் மேல் அடித்தாள். தூசி இருந்தது. கரி இல்லை. அதற்கடுத்த காரிலும் இல்லை.

"ஓடாத ஜெனரேட்டர்ல இருந்து கரி கிளம்பி, உங்க காரை மட்டும் விசாரிச்சுக்கிட்டு வந்திருக்கு. நல்லா இருக்கு சார் கதை!"

ஆடிட்டர் அடுத்த காரின் பானெட்டை விரலால் தடவிப் பார்த்தார். வெறும் தூசி.

"ஜெனரேட்டர் செத்துப்போச்சுன்னு செகரட்டரிக்குத் தெரியும். அப்படின்னா கரி எங்கிருந்து வருதுன்னு அவருக்கும் சந்தேகம் வந்திருக்கும். ஆளைப் பிடிக்க ஒளிஞ்சு நின்னிருக்கார்... பிடிச்சும் இருக்கார்!"

டார்ச் வெளிச்சம் பானெட்டின் கீறல்கள் வழியாக ஏறி, வைப்பரில் நின்றது.

அதன் இடுக்கில் ஒரு துணித் துணுக்கு.

"உங்க துணியா இது?"

ஆடிட்டர் கிட்டே குனிந்தார். பழைய கர்வம் திரும்பிவிட்டது.

"சேச்சே! என் துணி நூல் விடாது. இது நைஞ்சுபோன பருத்தி. சிவப்புக் கட்டம். ஓரம் கருகியிருக்கு பாருங்க. அடுப்பு மேல பட்ட துணி. சூடான பாத்திரத்தைப் பிடிச்சு இறக்குவோமே... எங்க வீட்டுக் கரித்து..."

சட்டென்று நிறுத்தினார்.

டார்ச் மெதுவாகத் திரும்பியது. மாடிப்படியின் பக்கம்.

அங்கே, சொன்ன இடத்திலேயே, டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள் அவர் மனைவி. தட்டில் ஒரு டம்ளர்கூட ஆடவில்லை.

"டீ ஆறிப்போச்சு மேடம்" என்றாள். "வேற போட்டுத் தர நேரம் இருக்குமா... இல்ல, இப்பவே கிளம்பணுமா?"

"நீயா...?" ஆடிட்டரின் குரல் கிறீச்சிட்டது. "செகரட்டரியை விடு! ஒரு மாசமா என் கார்ல கரி பூசினது நீயாடி?"

"ஆமாங்க."

"எதுக்குடி?"

அவள் தட்டைப் படியில் வைத்தாள். கணவனை விட்டுவிட்டு இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்.

"ஜெனரேட்டர் ஓடின வரைக்கும் கார்ல கரி விழும். விடிஞ்சதும் இவர் கீழ வந்துடுவார். தேய்ச்சு முடிச்சு மேல வர்ற வரைக்கும் வீடு என்னோடது மேடம். பாட்டுக் கேப்பேன். காலை நீட்டி உக்காருவேன். அது நின்னதும் கார் சுத்தமாயிடுச்சு. இவர் மேலயே உக்காந்துட்டார். அலமாரியில விரலை வெச்சு இழுத்துத் தூசி பாப்பார். ஜன்னல் கம்பியைப் பாப்பார். டம்ளரோட அடியைப் பாப்பார். என் நகத்தைப் பாப்பார். பாத்துப் பாத்துத் திட்டுவார். புகைக்குழாய் உள்ளார கரி மண்டிக் கிடந்துச்சு. கரித்துணியில வழிச்சு எடுத்து வந்து கார் மேல உதறினேன். அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் இவர் மேல வரல."

அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

"இன்னிக்கு?"

"செகரட்டரி தூணுக்குப் பின்னாடி நின்னு பிடிச்சுட்டார். ரொம்பச் சிரிச்சார். 'வா, உன் புருஷனை எழுப்பி வேடிக்கை காட்டறேன்'னு கையைப் பிடிச்சு இழுத்தார். விடுங்க விடுங்கன்னேன். விடல. உதறித் தள்ளினேன். கால் இடறி விழுந்துட்டார்... மூக்குல விரல் வெச்சுப் பாத்தேன் மேடம். மூச்சு இல்ல. பானெட்ல எங்க ரெண்டு பேர் கையும் கறுப்பா பதிஞ்சு இருந்துச்சு. என்கிட்ட இருந்தது அந்தத் துணி ஒண்ணுதான்."

இன்ஸ்பெக்டர் டார்ச்சைத் தாழ்த்தினாள்.

"உங்க வீட்டுக்காரரை நான் கைது பண்றதா இருந்தேன். அப்பகூட வாயைத் திறக்கலையே?"

"திறக்கணும்னுதான் வந்தேன் மேடம்." அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "இவரை வேற யாராவது திட்டி நான் கேட்டதே இல்ல. கொஞ்ச நேரம் கேட்டுட்டுச் சொல்லலாம்னு நின்னுட்டேன்."

கரண்ட் வந்தது.

விளக்கு வெளிச்சத்தில் ஆடிட்டர் பானெட்டை ஒரு முறை பார்த்தார். மனைவியை ஒரு முறை பார்த்தார். மறுபடியும் பானெட்டைப் பார்த்தார்.

"அழுத்தியே தேய்ச்சிருக்கா மேடம்... அழுத்தியே...!"



வாசலில் போலீஸ் ஜீப். சேறு தெறித்துக் காய்ந்து, என்ன நிறம் என்றே தெரியாமல் நின்றது. பின் சீட்டில் விரல் கனத்துக்குப் புழுதி. இன்ஸ்பெக்டருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"ஏட்டு, சீட்டைக் கொஞ்சம் தட்டிவிடுங்க."

"ஐயோ, வேணாங்க!"

ஆடிட்டரின் மனைவி ஏறி உட்கார்ந்தாள். சீட்டைத் தடவிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க ஒட்டிக்கொண்ட புழுதியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"இந்த ஜீப்பை ஓட்டறவர் யாரோ... அவர் பொண்டாட்டி குடுத்து வெச்சவ மேடம்!"