வெளுக்காத ஒற்றைப் பல்

“ஏழு பல்லு வெளுத்திருக்கு, ஒண்ணு மட்டும் அப்படியே மஞ்சளா நிக்குது. அங்க மட்டும் ஜெல்லு தடவ மறந்தீங்களா, இல்ல தூங்கிட்டீங்களா?”

“எல்லாப் பல்லுக்கும்தான் சார் தடவினேன்.”

“அப்ப அது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?”

பல் மருத்துவமனைப் படியேறிக்கொண்டிருந்த இருவருக்கும் சண்டை நன்றாகவே கேட்டது. ஒருவர் செட்டுக்காரர். முப்பது வருடம் மனைவியோடு சேர்ந்து பல்செட்டும் பீங்கான் உறையும் செய்தவர். மனைவி இறந்த பிறகு கடையை மூடிவிட்டார். மற்றவர் பக்கத்து ஸ்டூடியோக்காரர். பல் வெளுப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுப்பவர். நேற்றைய படங்களைக் கொண்டுவரும்படி டாக்டரம்மா கூப்பிட்டிருந்தார். துப்புத் துலக்குவது என்றால் ஸ்டூடியோக்காரருக்குச் சோறு தண்ணி வேண்டாம். அதனால் செட்டுக்காரரையும் இழுத்து வந்திருந்தார்.

உள்ளே கணவர் நின்று கத்திக்கொண்டிருந்தார். பல் வெளுத்துக்கொண்ட மனைவி வாயைக் கையால் மூடி உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருடமாக அங்கே வேலை பார்க்கும் உதவியாளர் அம்மா சுவரோரம் நின்றார்.

“இன்னிக்குள்ள காரணம் தெரியலன்னா இவங்களை வேலையை விட்டு நிறுத்தித்தான் ஆகணும்,” என்று டாக்டரம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்.

“லைட்டுதான் அண்ணே,” என்றார் ஸ்டூடியோக்காரர். “ஒரு பல்லு மேல நிழல் விழுந்திருக்கும்.”

“பல்லு வெளுக்க அடிக்கிற அந்த நீல லைட்டு மொத்த வாய்க்கும் ஒண்ணாத்தான் விழும்,” என்றார் செட்டுக்காரர். “விழலன்னாலும் ஜெல்லு மெதுவா வேலை பார்க்கும். லைட்டு, பக்கத்துல நின்னு அவசரப்படுத்துற மாமியார் மாதிரி. சமைக்கிறது ஜெல்லுதான்.”

“அப்ப ஜெல்லு கெட்டுப்போச்சு.”

“கெட்டிருந்தா எட்டும் மஞ்சளால்ல இருக்கணும்?”

ஸ்டூடியோக்காரர் தயங்கினார். “அப்ப இந்தம்மா நிஜமாவே தடவல.”

செட்டுக்காரர் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். “பல்லை விடு, ஈறைப் பாரு.”

எட்டுப் பல்லுக்கும் மேலே, ஈறின் ஓரம் மாவு தொட்டு வைத்தாற்போல் வெளிறியிருந்தது. மஞ்சள் பல்லுக்கு மேலேயும்தான்.

“ஜெல்லு கசிஞ்சு பட்டா ஈறு இப்படி வெளுக்கும். தானா சரியாயிடும். அந்தப் பல்லுலயும் தடவியிருக்காங்கன்னு ஈறே சாட்சி சொல்லுது.”

பிறகு அவர் நோயாளிப் படிவத்தை எடுத்தார். “இதை யார் எழுதினது?”

“நான்தான்,” என்றார் கணவர். “ஒவ்வொண்ணா சத்தமா படிச்சுக் கேட்டேன். பல்லுல முன்னாடி ஏதாவது வேலை பண்ணியிருக்கியான்னேன், இல்லன்னா.”

செட்டுக்காரர் அந்த மனைவியைப் பார்த்தார். கத்தியதெல்லாம் கணவர். மனைவி ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை.

“சார், இவர்கூடப் போய் ஸ்டூடியோவுல பெரிய படமா பாத்துட்டு வாங்க,” என்று கணவரை அனுப்பிவைத்தார்.

கதவு மூடியதும் மெதுவாகச் சொன்னார். “ஜெல்லு பல்லுக்குள்ள ஊறிப் போய்க் கறையை உடைக்கும். பீங்கானுக்குள்ள ஊற வழியில்ல. அது உறை போட்ட பல்லு, இல்லையா தங்கச்சி?”

டாக்டரம்மா கண்ணாடியோடு குனிந்தார். “நான் நேத்து பாத்தப்பக்கூடத் தெரியலியே.”

“தெரியாத மாதிரி செஞ்சிருக்காங்க.” செட்டுக்காரர் லென்ஸை எடுத்துப் பார்த்தார். பல்லின் நுனியருகே முடி போல ஒரு பழுப்புக் கோடு. தேவைக்கு மேல் நேரம் குனிந்தே இருந்தார். அவருடைய பழைய கடையின் ஜன்னலோர மேசை, ரேடியோவில் ஏதோ பாட்டு, மூன்று முடி மட்டும் விட்டு நறுக்கிய தூரிகை, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டை இழுக்கும் அவர் மனைவி. குறையே இல்லாத பல்லை எவன் நம்புவான் என்பாள். கோடு முடியும்வரை அவரையும் பேசவிட மாட்டாள்.

“பத்தொன்பது வயசுல அண்ணன் ஸ்கூட்டரைத் திருட்டுத்தனமா ஓட்டி விழுந்தேண்ணா,” என்றார் அந்த அம்மா. “எங்க வீட்டுல எல்லாருக்கும் பழுப்புப் பல்லு, அதே நிறத்துல போட்டுக் குடுத்தாங்க. அடுத்த மாசம் கல்யாணம். வாயைத் திறக்காதேன்னு அம்மா சொல்லிட்டாங்க. அப்புறம் சொல்ற வயசே தாண்டிப் போச்சு.”

“நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. ஆனா நீங்க சொல்லலன்னா இவங்க வேலை போயிடும்மா.”

அந்த அம்மா உதவியாளரைப் பார்த்தார். கணவர் திரும்பி வந்ததும், தானே எழுந்து நின்று சொல்லிவிட்டார்.

கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “அப்ப இருபத்தாறு வருஷமா ஆப்பிளை நறுக்கிக் குடுத்தாத்தான் தின்பேன்னது?”

“இதுக்குத்தான்.”

“நானும் மகாராணின்னு நெனச்சு நறுக்கிக்கிட்டு இருந்தேன் பாரு.” பிறகு உதவியாளர் பக்கம் திரும்பினார். “மன்னிச்சிடும்மா. தெரியாம பழி போட்டுட்டேன்.”

“பரவால்ல சார். தூங்கிட்டீங்களான்னு கேட்டதுதான் கொஞ்சம் வலிச்சுது.”

“நானும் கேக்காம முடிவெடுக்கப் பாத்தேன், மனசுல வெச்சுக்காதீங்க,” என்றார் டாக்டரம்மா உதவியாளரிடம். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, “இந்தப் பல்லுக்குப் புதுசா வெள்ளை உறை போட்டுடலாம்,” என்றார்.

“இது யார் செஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியும் போலிருக்கே அண்ணா?” என்று கேட்டார் அந்த அம்மா.

“என் வீட்டுக்காரி.” லென்ஸைப் பையில் வைத்துக்கொண்டே சேர்த்தார். “அதுக்காக யோசிக்காதீங்க, மாத்தணும்னா மாத்திக்கோங்க. மாத்தலன்னாலும் காப்பி குடிச்சுக்கிட்டே இருந்தா ஒண்ணு ரெண்டு வருஷத்துல மத்த ஏழும் இறங்கி வந்து இதோட சேர்ந்துக்கும்.”

அந்த அம்மா ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறார். நீங்களாக இருந்தால் அந்தப் பல்லை மாற்றுவீர்களா, அப்படியே விடுவீர்களா? காரணத்தோடு கீழே எழுதுங்கள்.