நொட்டாங்கை எழுத்து

ஆட்டோ என்னை மில்லர்புரத்தில் அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது பிற்பகல் மூன்று மணி. உப்புக்காற்று அரித்த மதில், துருப்பிடித்த கேட், உள்ளே சிலாப் போட்டு மூடிய கிணறு. பதினாறு வருடத்துக்கு முன் அந்தக் கிணற்றில்தான் அருணாசலவடிவு பிணமாக மிதந்தாள். அவள் எழுதிவைத்ததாகச் சொன்ன கடிதத்தைப் பரிசோதித்து, "அவள் கையெழுத்தேதான்" என்று அறிக்கை கொடுத்தவன் நான். கையெழுத்து நிபுணன் ஆறுமுகநயினார். முப்பது வருடத்தில் என் அறிக்கை ஒன்றுகூடத் தோற்றதில்லை. இதைச் சொல்லாமல் நான் யார் வீட்டிலும் காபி குடித்ததும் இல்லை.

கதவைத் திறந்தவள் மகள் இந்துமதி. அம்மா போனபோது ஆறு வயது. போன மாதம் அப்பா வன்னியபெருமாளும் நெஞ்சுவலியில் போய்விட, வீட்டில் தனியாக இருந்தாள். என்னை வரச்சொல்லிக் கூப்பிட்டதும் அவள்தான்.

'இந்தப் பிள்ளையோடு மாரடிக்க என்னால் முடியவில்லை. நான் போகிறேன்.' கடிதத்தில் இருந்தது அவ்வளவுதான். அந்த வரியைச் சுமந்தே அவள் வளர்ந்திருக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"கடிதத்தோட நகல் கொண்டாந்திருக்கேன்மா. திரும்பப் பாக்கணுமா?"

"மொதல்ல இதப் பாருங்க சார்." பழைய சிலேட்டு ஒன்றை நீட்டினாள். "பரண ஒதுக்கும்போது கெடச்சுது. அம்மா எனக்கு இதுலதான் எழுதப் படிச்சுக் குடுத்தா. தெனம் தொடைக்கேன். தெனம் எழுத்து வந்துருது."

சிலேட்டு முழுக்க ஒரே சொல். இந்து, இந்து, இந்து.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. தனியாகக் கிடக்கும் பிள்ளை, தானே எழுதிவிட்டு மறந்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு தாளைக் கொடுத்து அதே பெயரை எழுதச் சொல்லி, லென்ஸை எடுத்தேன்.

அவள் எழுத்து இல்லை.

சிலேட்டில் ஒவ்வோர் எழுத்தும் வலப்பக்கமாக இழுபட்டுக் கலைந்திருந்தது. எழுதிய கையே பின்னால் வந்து அழித்திருந்தது. இடது கையால் எழுதுகிறவர்களுக்குத்தான் அப்படி ஆகும்.

"உங்க அம்மா..."

"நொட்டாங்கை சார். எழுதுறது, வெட்டுறது எல்லாம் அந்தக் கைதான்."

நகலை எடுத்துப் பார்த்தேன். கடிதம் சந்தேகமே இல்லாமல் வலது கை எழுத்து. ஒப்பிட்டுப் பார்க்க அன்று எனக்குக் கிடைத்த மாதிரிகளும் அதே கைதான். பலசரக்குச் சீட்டு நாலு. பெண்சாதி எழுதியது என்று வன்னியபெருமாள் கொடுத்தது. இரண்டும் ஒரே கை என்று மார்தட்டிச் சொன்னேன். யார் கை என்று கேட்கவில்லை.

"வீட்டுச் சாமான் சீட்டு யாரும்மா எழுதுவா?"

"அப்பாதான் எழுதுவாவ."

அப்போதும் என் கர்வம் விடவில்லை. என் பிழைக்கு ஒரு பேயைச் சாட்சி கூப்பிட மனசில்லை. சிலேட்டை என் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்து, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து, மடியில் வைத்துக்கொண்டேன்.

மின்விசிறி நின்றது. பாசி பிடித்த தண்ணீரின் வாடை மெல்ல எழுந்தது.

ஏதோ கீறியது.

கிர்ர்... கிர்ர்...

பைக்குள்ளிருந்து.

"சார்," என்று கிசுகிசுத்தாள் இந்துமதி, "கேக்குதா?"

பை கனத்தது. மடி நனைந்தது.

எப்படித் திறந்தேனோ தெரியாது. சிலேட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த ஈரத்திலும் எழுத்து வெள்ளையாக நின்றது.

'இந்து நல்ல பிள்ளை.'

"நான் சரியா எழுதுனா அம்மா இதத்தான் எழுதிக் காட்டுவா," என்றாள். பிறகு அழுதாள். "அப்ப நான் காரணமில்லையா சார்?"

"நீ இல்லம்மா. அந்தக் கடிதம் அவ எழுதினதே இல்ல. தப்பு என் மேல."

வெட்கமாக இருந்தது. அன்று மாலையே புது அறிக்கை எழுதினேன். 'கடிதத்தை எழுதியவர் அருணாசலவடிவு அல்ல. என் பழைய அறிக்கை தவறு.' விசாரணை அதிகாரிக்கு ஒன்று, இந்துமதிக்கு ஒன்று. மறுநாள் காலை அவளே போனில் கூப்பிட்டாள்.

"சார், சிலேட்டு இன்னைக்குக் காலியா இருக்கு."

நிம்மதியாக மூச்சுவிட்டு முகம் கழுவப் போனேன். குழாயடியில்தான் பார்த்தேன். என் இடது கையில், சுண்டுவிரல் ஓரம் முழுக்க, எழுதிய எழுத்தின் மேலேயே உரசிப்போன மாதிரி, சிலேட்டுக்குச்சியின் வெள்ளை.

நான் வலது கைக்காரன்.

தினம் கழுவுகிறேன். தினம் வந்துவிடுகிறது.